தாபரிப்புக் கடன் தீரும் நாள் எது?

பெற்றோர் தம் மக்களுக்கு உணவும் உடையும் உறையுளும் கல்வியும் கொடுத்துக் காத்தல் கடன் என்பதை மறுப்பார் யாருமிலர். ஆயினும், அக்கடன் எந்நாளில் தீர்கின்றது? அதனைச் செலுத்த மறுப்பவரை வற்புறுத்திச் செலுத்துவித்தல் முறையாகுமா? முறையாமெனின், அவ்வற்புறுத்தலால் ஆவது யாது, ஆகாதது யாது? இவ்வினாக்கள் எழுந்தவிடத்து ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறே விடை கூறிவிடுகின்றனர். இவை நீதிமன்றத்தாரும் வழக்கறிஞரும் ஆராயற்பாலன, பாடசாலை ஆசிரியர்க்கு இவற்றால் ஆவதென்னை என்று எண்ணுவாருமுளர். யாமும் ஒருகாலத்து அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென எமக்குத் தெரிந்த வரலாற்றை முதற்கண் கூறுவாம்.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் கற்ற மாணாக்கி ஒருத்தி இருந்தாள். அவள் குழந்தையாயிருந்தபோதே தந்தையார் குடும்பத்தைப் பிரிந்து வேறிடத்து வாழலாயினர். தாயார் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்குத் தொடுத்து, பிள்ளையின்பொருட்டு மாதந்தோறும் ஒரு தொகை பெறுதற்குக் கட்டளை பெற்றிருந்தார். அத்தந்தையாரைத் தீயவரெனக் கூறுதற்கில்லை. மாதந்தவறாது அவர் பணத்தைக் கட்டிவந்தார். பிள்ளைக்கு 18 வயது நிரம்பிய மாதத்தோடு பணம் நின்றது. தாயார் ஆளனுப்பிக் கேட்டபோது, "கோடு சொன்ன காலம் முடிந்தது, என் கடனும் முடிந்தது" என்று அவர் விடை சொல்லியனுப்பினார். உயர்தரப் பரீட்சைக்கு அப்பொழுது ஏறக்குறைய ஓராண்டு எஞ்சியிருந்தது. தாயார் எம்மிடம் வந்து, இனி என்செய்வதென வினாவினார். சட்டம் அவ்வளவே போலும் என்று யாமும் கருதி, ஆறுதன்மொழி சில கூறி அனுப்பிவிட்டோம். அடுத்த தவணை தொடங்கியபோது அப்பிள்ளையின் இருக்கை வெறுமையாயிருந்தது. நகரத்துப் புடைவைக்கடை ஒன்றில் அவள் வேலைக்கமர்ந்தாள் என உடன்கற்றோர் சொன்னார்கள்.

ஏழெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னர், வேறொரு காரியமாக வழக்கறிஞர் ஒருவரோடு உரையாடுங்கால், சட்டம் அவ்வளவில் நின்றுவிடவில்லை என்பதை யாம் அறிந்தோம். தம் கடனின் எல்லையைத் தந்தையார் அறிந்திலர், தாயாரும் அறிந்திலர், அறிவிக்கத்தக்க இடத்திலிருந்த யாமும் அறிந்திலேம். மூவரது அறியாமையையும் அப்பிள்ளை ஒருத்தியே சுமந்தாள்.

ஆதலின், சட்டம் கூறுவதை முன்னர்ச் சுருக்கிச் சொல்லுவாம். இலங்கையில் இப்பொருள்பற்றி நெடுங்காலம் வழங்கிவந்தது 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டமாகும். அது நீக்கப்பட்டு, அதனிடத்தில் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் வந்தது. பழைய சட்டம் மனைவியையும் மக்களையும் தாபரிக்கும் பொறுப்பை ஆடவன்மேலதாகவே வைத்தது. புதிய சட்டமோ பெற்றார் எனப் பொதுவிற் கூறுதலால், போதிய வசதியுடைய தாய்க்கும் அப்பொறுப்பு உரியதாயிற்று. மணவாழ்க்கையிற் பிறந்த பிள்ளைக்கும் அதன் புறத்தே பிறந்த பிள்ளைக்கும், பெற்றார் இன்னார் என்பது நிறுவப்பட்டவழி, உரிமை ஒன்றேயாம். யாழ்ப்பாணத்துத் தேசவழமையால் ஆளப்படுவோர்க்கு இச்சட்டம் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறுவர். தேசவழமை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் முதலாய சொத்துரிமைகளைப்பற்றி விரித்துக் கூறுவது. நீதவான்முன் தாபரிப்புக் கேட்டற்கு அது தடையன்று.

இச்சட்டம் தாபரிப்புப் பெறும் மக்களை மூவகைப்படுத்துகின்றது. 18 வயது நிரம்பாதோர் முதல்வகையினர். 18 வயது நிரம்பி 25 வயதுக்குட்பட்டோராய், தம்மைத் தாமே தாபரிக்க இயலாதோர் இரண்டாம் வகையினர். உடலாலேனும் உளத்தாலேனும் இயலாமையுற்றோர் மூன்றாம் வகையினர். இவர்க்கு 25 வயது என்னும் எல்லை இல்லை. எவ்வகையினர்க்காயினும், பெற்றார் போதிய வசதியுடையராயிருந்தும் தாபரியாது புறக்கணித்தனர் அல்லது மறுத்தனர் என்பது காட்டப்படல் வேண்டும். சிறுபிள்ளையின்பொருட்டு அதனைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் விண்ணப்பிப்பர். 18 வயது நிரம்பியவரோ தாமே விண்ணப்பித்தற்குரியர். எம் மாணாக்கிக்கு நேர்ந்தது இவ்விடத்திலேயாம். பிள்ளைக்கென இட்ட பழைய கட்டளை முடிவெய்தியது உண்மை. வளர்ந்த பிள்ளையாகத் தானே கேட்கும் வழி அவளுக்குத் திறந்திருந்ததும் உண்மை. முன்னையதை எல்லோரும் அறிந்திருந்தனர். பின்னையதை ஒருவரும் அறிந்திலர்.

சட்டம் 18 என்றும் 25 என்றும் இரண்டு எல்லைகளை வைத்தது என்னை? 1989ஆம் ஆண்டிலே, ஒருவர் பராயமடையும் வயது 21 என்றிருந்ததை 18 எனக் குறைத்தனர். பராயமடைதலாவது தன் பெயரால் உடன்படிக்கை செய்யவும் தன் காரியத்தைத் தானே நடத்தவும் உரிமை பெறுதல். உரிமை பெறுதல் வேறு, ஊண் தேடும் ஆற்றல் பெறுதல் வேறு. நம் மாணாக்கர் பலர் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும்போதே 18 வயதைக் கடந்துவிடுகின்றனர். பல்கலைக்கழகம் புகுவோர் பட்டம் பெறுதற்குள் மேலும் பல ஆண்டுகள் செல்கின்றன. உரிமை வந்துவிட்டது, ஆற்றல் இன்னும் வரவில்லை என்னும் இவ்விடைக்காலத்தைச் சட்டமே கண்டு, 25 வரை ஒரு வாயில் வைத்திருக்கின்றது.

இனி, அறத்தின்பாற் செல்வாம். கடன் என்னுஞ் சொல் நம் மொழியில் இருபொருள் பயப்பது. பிறரிடம் வாங்கிய பொருளும் கடன். ஒருவர் செய்தற்குரிய முறைமையும் கடன். முன்னையது தொகையாலும் தவணையாலும் அளக்கப்படும். உரிய தொகையை உரிய நாளிற் கொடுத்தவர் அதனின்று நீங்கினார். பின்னையது பயனால் அளக்கப்படும். எதன்பொருட்டு அது ஒருவர்மேல் வந்ததோ அது கைகூடியபொழுதே அது முற்றுப்பெறும். "என் கடன் முடிந்தது" என்ற தந்தையார், முறைமையாகிய கடனைப் பொருட்கடனாகக் கொண்டு மயங்கினார். அவர் கட்டிவந்த பணம் அத்தாயாரிடம் என்றோ கைம்மாற்றாக வாங்கியதன்று. தம்மால் உலகிற்கு வந்த ஓருயிர் தன் காலில் நிற்குமளவும் அதனைத் தாங்குதற்கு வந்தது.

தென்னம்பிள்ளை வைத்து நீர் வார்ப்பவன், இத்தனை நாள் வார்த்தேன் என்று எண்ணி நிறுத்துவானல்லன். வேர் ஊன்றியமை கண்டு நிறுத்துவான். நீதிபதிக்கோ ஒவ்வொரு வீட்டிலும் சென்று வேர் பார்த்தல் கூடாமையின், சட்டம் ஒரு நாளைக் குறித்தே ஆகவேண்டும். சட்டம் குறித்த நாள், கேட்கும் உரிமை முடியும் நாள். கடன் தீரும் நாள், பிள்ளை தன்னைத் தாங்கவல்லதாகும் நாள். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்தலும் உண்டு, நிகழாமையும் உண்டு. இவற்றை ஒன்றெனக் கொள்ளுதலே இப்பொருளில் நிகழும் பிழைகளுக்கெல்லாம் மூலமென்பது எமது துணிபு.

அற்றேல், கடனுக்கு எல்லையே இல்லாதொழியுமே. உழைக்க மாட்டாது திண்ணையிற் கிடக்கும் மகனை முப்பது வயதிலும் தந்தை தாங்கவேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. என்னை? கடனின் பயன் பிள்ளை தன் காலில் நிற்றல் என்றோம். நிற்கவல்லவனை மேலும் சுமத்தல் அப்பயனுக்கு மாறாகும். இயலாதவர்க்கே தாபரிப்பு என்று சட்டங் கூறுவதும் இக்கருத்துப்பற்றியே. ஆகவே பயன்பற்றி அளக்குங்கால், கடன் சிலர்க்கு நாள் கடந்து நீளும். சிலர்க்கு நாள் வருமுன்னரே தீரும். இயலாமையோடு பிறந்த பிள்ளைக்கு அப்பயன் முழுவதும் கைகூடுதல் அரிதாகலின், அவ்விடத்துக் கடனும் பெற்றாரின் வாழ்நாளளவும் நிற்கின்றது. இதில் அறமும் சட்டமும் ஒன்றுபட்டு நிற்றல் காண்க.

இன்னுஞ் சிலர், "தாய் பிள்ளையை என் கண்ணிற் காட்டுகின்றாளில்லை; யான் ஏன் பணங் கொடுத்தல் வேண்டும்?" என்பர். இவ்வுரையிலுள்ள துயரை யாம் எளிதாக எண்ணவில்லை. பெற்ற பிள்ளையைக் காணப்பெறாமை பெருந்துன்பமே. காரணமின்றி அதனை மறைத்துவைக்குந் தாயும் அறம் பிழைத்தவளே. ஆயினும் பசிப்பது யாருக்கு என்பதை நோக்குதல் வேண்டும். கணவன் மனைவியரிடை எழுந்த பிணக்கிற் பிள்ளை ஒரு கட்சியன்று. பிள்ளையைக் காணும் உரிமையை உரிய நீதிமன்றத்தில் வேறாகக் கேட்டுப் பெறலாம். அதற்கு ஈடாகப் பிள்ளையின் சோற்றை நிறுத்தலாகாது. அவ்வாறே, "நாளைக்கு இவன் என்னைப் பார்க்கப்போகின்றானா?" என்று கணக்கிடுதலும் பொருந்தாது. முதிய பெற்றாரை மக்கள் புறக்கணித்தலாகாது என 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வேறாக விதித்திருக்கின்றது. இரண்டும் தனித்தனிக் கடன்களேயன்றி, ஒன்று மற்றொன்றன் விலையன்று.

இனி, வற்புறுத்தல்பற்றிய தடையை ஆராய்வாம். இத்தடை ஏனையவற்றினும் வலியது. "உள்ளம் உவந்து செய்வதே அறம், பிடியாணைக்கு அஞ்சிக் கொடுப்பது அறமாகாது. ஆகவே நீதிமன்றங் கொண்டு இக்கடனைச் செலுத்துவித்தலாற் பயனென்னை?" என்பர். அஞ்சிக் கொடுத்தவர்க்கு அது அறமாகாமை யாமும் உடன்பாடே. ஆயின் நீதிமன்றம் தந்தையை அறவோராக்கும்பொருட்டு எழுந்ததன்று. பிள்ளையைப் பட்டினியினின்று காக்கும்பொருட்டு எழுந்தது. கொடுப்பவர் பக்கத்தில் அது கடன். பெறுபவர் பக்கத்தில் அது உரிமை. கொடுப்பவரின் உள்ளம் திருந்துமளவும் பெறுபவர் உண்ணாது காத்திருத்தல் கூடுமோ? சிறுவர் உரிமைகள்பற்றி உலகநாடுகள் 1989இல் ஏற்று, இலங்கையும் 1991இல் உறுதிசெய்த உடன்படிக்கையும், பிள்ளையின் வாழ்க்கைக்கு வேண்டுவன அமைத்தல் பெற்றாரின் முதற்பொறுப்பு என்று கூறி, தாபரிப்பை அறவிட்டுக் கொடுத்தற்கு அரசு ஆவன செய்தல் வேண்டும் என்று விதிக்கின்றது.

எனினும் வற்புறுத்தும் வழிகள் யாவும் ஒருதன்மையன அல்ல. கட்டளையை மீறியவரிடமிருந்து நிலுவையைத் தண்டப்பணம் அறவிடும் முறையால் அறவிடலாம். சம்பளத்தினின்று கழித்துத் தரும்படி வேலைகொள்வோர்க்குக் கட்டளையிடலாம். தக்க காரணமின்றிச் செலுத்தாத ஒவ்வொரு மாதத்திற்கும் ஒருமாதம் வரை மறியலில் வைக்கலாம். இவற்றுள் சம்பளத்திற் கழித்தலே செவ்விது என்போம். தந்தையார் மானமிழவார், தாயார் நிலுவையின்பொருட்டு மீளமீள நீதிமன்றப் படியேறி அந்நாட் கூலியை இழவார், பிள்ளை காத்திராது. ஆயின் இவ்வழி ஆசிரியர், இலிகிதர் முதலாய மாதச் சம்பளக்காரரிடத்தே செல்லும். கடற்றொழிலாளரிடத்தும் நாட்கூலி செய்வாரிடத்தும் கழித்துத் தருவார் யார்? அங்கே பெரும்பாலும் எஞ்சுவது மறியல் அச்சமே.

மறியலோ இருபுறமுங் கூருடைய கருவி. உள்ளே இருப்பவர் உழைத்தல் இயலாது. அவர் இருந்த நாளாற் பிள்ளையின் கலத்தில் ஒருபிடி சோறும் விழாது. பாடசாலையில் அப்பிள்ளை மறியற்காரன் பிள்ளை என்னும் பெயரையுஞ் சுமக்கும். ஆகலின், வைத்துக்கொண்டு கொடாதவர்க்கன்றி இல்லாமையாற் கொடாதவர்க்கு அது முறையாகாது. சட்டமும் தக்க காரணமின்றி என்னும் அடைகொடுத்தே கூறிற்று. நோயாலோ தொழில் இழந்தமையாலோ நிலைமை மாறியவர், தொகையைக் குறைக்கும்படி நீதவானிடம் விண்ணப்பித்தல் கூடும். பலர் இதனைச் செய்யாது, பேசாது நிறுத்திவிடுகின்றனர். பேசாது நிறுத்தினவரை நீதிமன்றம் மறுத்தவராகவே காணும். வல்லவராயிருந்தும் உழையாது, "என்னிடம் ஒன்றுமில்லை" என்பாரும் தப்புதல் அரிது. உழைத்துப் பொருளீட்டும் ஆற்றலையும் வசதியென்றே நீதிமன்றங்கள் கொண்டிருக்கின்றன.

நம்மவர் பலர் பிறநாடு சென்று வாழும் இக்காலத்தில், தந்தை கடல்கடந்து போயினர், இனி என்செய்வது என்று கைவிட்டிருக்குந் தாய்மாரும் உளர். வேற்றுநாட்டிலிருப்பாரிடத்துத் தாபரிப்பைப் பெறுதற்கென 1956இல் நியூயோர்க்கில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. அதிற் சேர்ந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. வழி நெடியதும் காலம் கொள்வதுமாயினும், வழியே இல்லையென்பது பிழை.

இவ்வளவும் ஆராய்ந்தவிடத்து, ஆசிரியராகிய நாம் செய்தற்குரியன சில தோன்றுகின்றன. தாய்க்கு அடுத்தபடியாகப் பிள்ளையின் வயதையும் வகுப்பையும் அறிந்திருப்பவர் நாமே. பிரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று 18 வயதை அணுகுங்கால், தாயாரைத் தனியே அழைத்து, இன்னவாறு ஒரு வழியுண்டு என்று சொல்லிவைத்தல் நமக்கு அரிதன்று. பொருளில்லாதார் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடமும் வழி கேட்கலாம். இவற்றைச் சொல்லுதற்குச் சட்டம் முழுதுங் கற்றிருத்தல் வேண்டா. வாயில் எங்கேயிருக்கின்றது என்பதை அறிந்திருத்தலே போதும். வகுப்பின் நடுவே பிள்ளையை எழுப்பி, தகப்பனார் எங்கே, பணம் ஏன் கொண்டுவரவில்லை என்று வினாவாதிருத்தல் அதனினும் எளிது. அதனையும் நாம் பலகால் மறந்துவிடுகின்றோம்.

நம்முன் அமர்ந்திருக்கும் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் நாளைத் தந்தையரும் தாயருமாவர். கட்டளை வந்தாற் கொடுப்போம், நாள் முடிந்தால் நிறுத்துவோம் என்னும் அளவில் அவர் நில்லாமை, அவர்க்கு நாம் கற்பிப்பதைப் பொறுத்தது. நீதிமன்றம் சம்பளத்தினின்று பணத்தைக் கழித்துக் கொடுக்கவல்லது. பரீட்சை நாளில் வாயிலில் வந்து நிற்கும் தந்தையைக் கொடுக்கவல்லதன்று.

எம் மாணாக்கிக்கு இப்பொழுது 25 வயது கடந்துவிட்டது. சட்டப்படி அவள் தந்தையாரிடம் கேட்டற்குரிய வாயில் அடைபட்டது. அவள் கல்வியை இழந்து நின்ற அந்நாளில் தந்தையார் கொடாதது, இன்னும் கொடாததாகவே இருக்கின்றது. கேட்பார் இல்லாமையால் அக்கடன் தீர்ந்ததென்று யாம் கூறமாட்டோம். அறிந்து சொல்லாதிருந்த எமது கடனும் அவ்வாறே தீராது நிற்கின்றது. அதனைச் சிறிதாயினுங் குறைத்தற்கு எமக்குத் தோன்றிய வழி, இதனை எழுதி உங்கள்முன் வைத்தலே. இதனைக் கற்ற ஆசிரியர் ஒருவர், தம் வகுப்பில் அவ்வாறு வெறுமையாகவிருக்கும் இருக்கை ஒன்றை வெறுமையாகாது காப்பாராயின், அதுவே எமக்குப் போதும்.